காதுக்குள் கேட்ட இரைச்சல்

நெசவுக்கான புதுப் பாவு நூலைப் பிணைப்பதால் இன்று எங்கள் வீட்டில் தறி ஓடவில்லை.

அந்த அமைதியில்தான் கேட்டது, காதுக்குள் "ஙொய்" என்று விடாத இரைச்சல்.

தறிச் சத்தத்திலேயே காது போய்விட்டதென்று பயந்து, காஞ்சிபுரம் டாக்டரிடம் போகச் சட்டையை மாட்டினேன்.

"எங்க கெளம்பிக்கினு இருக்கீங்க?" என்றாள் மனைவி. சொன்னேன்.

வாசலுக்குப் போய் வேப்பமரத்தைத் துடைப்பத்தால் தட்டினாள். இரைச்சல் சட்டென்று நின்றது.

"சிள்வண்டு. வெயில் காலம் பூரா கத்திக்கினுதான் இருக்குது. தறி ஓடுனா உங்களுக்கு எங்க கேக்கப் போவுது?"

அப்பாடா! காது பிழைத்தது.

"காது நல்லாத்தான் இருக்குது. அப்ப நான் கூப்புட்டா மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?"

கல்யாணமானவர்கள் யாராவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள். பாவு பிணைத்து முடியும்வரை தறிமேல் பழிபோடவும் வழியில்லை.