எல்லை தாண்டாத குரல்

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது கேட்டால் முதலில் சிரித்துவிட்டுத்தான் சொல்ல ஆரம்பிப்பேன்.

என் வீட்டுக்காரரும் நானும் வீட்டிலிருந்தே ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். ஊரில் அதை ரேடியோ என்றுதான் சொல்வார்கள். அவருக்குத் தேனியில் ஏலக்காய் மண்டியில் வேலை. வேலை போக மிச்ச நேரமெல்லாம் சாமி விஷயம்தான். எந்த விரதம் எதற்கு, வேப்பிலை ஏன், தீச்சட்டி ஏன் என்று கோயில்களில் பேசுவார். அதையே வியாழக்கிழமைதோறும் மைக் முன்னால் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. வரைந்தும், அலங்கரித்தும், படம் பிடித்தும் நம் பக்கத்தில் பிழைக்கிறவர்களை உட்காரவைத்துப் பேச விடுவேன். கல்யாண மேடை போடுகிறவர், மணப்பெண்ணுக்கு மேக்கப் செய்கிறவர், ட்ரோன் பறக்கவிடுகிறவர் என்று நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

ஆனால் கேட்கிற கூட்டம் அவருக்குத்தான். ரசம் கொதிக்கிற நேரத்தில் செல்போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு எங்கள் தெருப் பெண்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள். என் நிகழ்ச்சியை என் மூஞ்சிக்காகக் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பொருமல் உண்டு. மறைப்பானேன்?

பதிவு செய்வதற்கென்று பின்கட்டில் ஓர் அறை. முன்னே திராட்சைப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடம். நான்தான் அதை மாற்றினேன். சுவர் முழுக்க முட்டை அட்டை, கதவுக்குப் பழைய மெத்தை, ஜன்னலுக்கு எங்கள் கல்யாணத்துக்கு வந்த கம்பளிகள் இரண்டு. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பீற்றிக்கொள்வேன். அந்தப் பெருமைதான் அன்று என்னைக் கவிழ்த்தது.

அந்த மாதத் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் காப்புக் கட்டைப் பற்றிப் பேசியிருந்தார். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கிற யாரும் மஞ்சள் நீராட்டு முடிகிற வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்கைக்கு ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். விருந்தாளி யாராவது இருந்தால் காப்புக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். அதற்காகவே சாயங்காலம் தெருத் தெருவாகக் கொட்டு அடித்துக்கொண்டு போவார்கள். இதையெல்லாம் கணீரென்று சொல்லிவிட்டு, மீறினால் ஆத்தா மனசு தாங்காது என்று ஒரு போடு போட்டு முடித்தார். அதுவரை நாங்கள் போட்டதிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான். ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

என்னுடைய அடுத்த விருந்தாளி தேனிக்காரப் பெண். ஜீப்புகளுக்குப் படம் வரைகிறவள். கம்பம் பக்கமிருந்து விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுமே, அந்த ஜீப்புகள்தான். பின்பக்கத்தில் மயில், சேவல், முறைத்துப் பார்க்கிற கருப்பசாமி என்று கேட்டதை வரைந்து கொடுப்பாள். யாரோ எடுத்துப் போட்ட போட்டோ கொச்சியில் கார்ட்டூன் படம் செய்கிற ஒரு கம்பெனியின் கண்ணில் பட்டிருக்கிறது. நேரில் வந்து வரைந்து காட்டச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த ஒரு நாள்தான், வராதவர்களுக்கு மறுபடி அழைப்பு கிடையாது. செவ்வாய் ராத்திரி குமுளியில் பஸ் ஏறப் போகிறேன், போகிற வழியில் உங்களிடம் பேசிவிட்டுப் போகிறேன் அக்கா என்றாள். எனக்கு வாயெல்லாம் பல்.

காப்பு அதற்கடுத்த செவ்வாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊர்க்கூட்டத்தில் ஒரு வாரம் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தேன். ஊர் வாட்ஸ்அப் குரூப் எந்நேரமும் கத்துகிறதென்று அதன் வாயையும் நானே அடைத்து வைத்திருந்தேன். இவரோ எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் அவள் வந்தாள். தோளில் துணிப்பை, கையில் தூரிகைகள் வைத்த நீளமான தகர டப்பா. கதவைச் சாத்திக்கொண்டு பேச உட்கார்ந்தோம். அப்படி ஒரு பேச்சு! எதைக் கேட்டாலும் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். நேரம் போனதே தெரியவில்லை. வெளியே கொட்டு எங்கள் வாசலுக்கே வந்து நின்று அடித்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு கம்பளிக்கு அந்தப் பக்கம்.

முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தால் தெருவின் குறுக்கே வேப்பிலைத் தோரணம். காப்புக் கட்டி முடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இவர் கோயிலிலிருந்து வருகிறார், மணிக்கட்டில் புது மஞ்சள் கயிற்றோடு. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் பையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அங்கேயே பிடித்துக்கொண்டேன். குரூப்பைப் பார்க்கவில்லையா என்று அவர் பதிலுக்கு என்னைக் கேட்க, அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். எல்லோரும் பாசத்தைப் பொழிந்தார்கள். தங்கிவிட்டுப் போ ஆத்தா, வேளைக்கு ஒரு வீட்டில் சோறு, திருவிழா பார்த்த மாதிரியும் ஆச்சு என்றார்கள். சின்னமனூர் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொல்லி ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வண்டியை எடுக்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"நானா சொல்றேன்? அண்ணந்தானே ரேடியோவுல சொன்னாக, ஆத்தா மனசு தாங்காதுன்னு" என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது மைக் வைத்துக் கெட்டது.

சொன்னதை மாற்றிச் சொன்னால் இனி யார் கேட்பார்கள் என்று இவருக்குத் தயக்கம். எனக்கு அதெல்லாம் இல்லை. யார் என்ன சொன்னாலும் நானே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறேன் என்று சாவியை எடுத்துவிட்டேன். அவள்தான் வரவில்லை. கருப்பசாமியை வரைவதற்குமுன் சூடம் ஏற்றிக் கும்பிடுகிற பெண் அவள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் குரல் தெளிவாக இருந்தது.

"நான் போனதுக்கப்புறம் இந்த ஊர்ல யாருக்காவது தலைவலி வந்தாக்கூட என்னாலதான்னு தோணும்க்கா. அந்த நெனப்போட என்னால கோடு இழுக்க முடியாது" என்றாள்.

அந்தப் பேச்சு இவரை என்னவோ செய்துவிட்டது. வா, கோயிலுக்குப் போய்க் கேட்போம் என்று முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால், எங்களுக்குப் பின்னால் பாதித் தெரு.

எங்கள் பூசாரிக்கு இவர் வயதுதான் இருக்கும். திருவிழா இல்லாத நாளில் திராட்சைத் தோட்டத்துக்குக் கொடி நறுக்கிக் கவாத்து வெட்டப் போவார். அதிகம் பேச மாட்டார். விஷயத்தைச் சொன்னதும், கட்டாயம் போயாக வேண்டியவர்களுக்கு ஒரு வழி உண்டே என்றார் சாதாரணமாக. ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலைக்குப் போகிற நர்ஸம்மாவும் வெளியூருக்கு லாரி ஓட்டுகிறவரும் வருடா வருடம் அப்படித்தான் செய்கிறார்களாம். தன்னுடையது ஒன்றை அம்மன் காலடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆளுக்குப் பதில் அது ஊரில் ராத்தங்கும். நீராட்டு அன்று வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இது தெரியாமல் போயிற்றே, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று இவர் கேட்டார்.

"நீங்க எங்க கேட்டீக? நேரா மைக்குல சொல்லிட்டீக" என்றார் பூசாரி. கோபமே இல்லாமல்தான் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சரி, எதை வைப்பது? கம்மலைக் கழற்றப் போனாள். அது நேற்று வாங்கினதாகக்கூட இருக்கலாம், இதுதான் நீ என்று சொல்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார் பூசாரி. அவள் கம்மலிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தகர டப்பாவை நீட்டினாள். அவள் என்றால் அதுதான். ஆனால் விடிந்தால் கொச்சியில் அவளுக்கு அதுதான் வேண்டும். வெறுங்கையோடு போய் அங்கே என்ன செய்வாள்? எனக்குத் தாங்கவில்லை. அவள் கையிலிருந்த டப்பாவைப் பிடித்து நிறுத்தினேன்.

"மத்தியானத்துலருந்து பேசிருக்கா. அவ குரல் பூராம் எங்க வீட்ல இருக்கு. அத வச்சுக்கிட்டா ஆகாதா?" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, ஆத்திரத்தில் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. குரல் எதற்குள் இருக்கிறது என்று கேட்டார். ஓடிப்போய் ரெக்கார்டரைக் கொண்டுவந்தேன், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இதற்குள் இருப்பது அவள்தான் என்று எப்படித் தெரியும் என்றார். பொத்தானை அமுக்கினேன்.

கோயில் முழுக்க அவள் குரல். ஜீப்புக்குப் பின்னால் வருகிற வண்டிக்காரர், மலைப்பாதையில் எரிச்சலோடு வந்துகொண்டிருப்பவர், தன் படத்தைப் பார்த்து ஒரு தரம் சிரித்துவிட வேண்டும், அதை நினைத்துத்தான் ஒவ்வொரு கோடும் இழுப்பேன் என்று சொல்லிவிட்டு அவளே சிரிக்கிற இடம். எங்கள் தெருப் பெண்கள் அப்படியே நின்று கேட்டார்கள். என் நிகழ்ச்சியை அவர்கள் மனதார ரசித்துக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

போதும் என்று கையைக் காட்டினார் பூசாரி. தட்டில் வேப்பிலை பரப்பினார். அபிஷேகத் தண்ணீர் பட்டுவிடுமே என்று நான் ரெக்கார்டரைப் பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தேன். அதற்கே குங்குமம் வைத்து அம்மன் காலடியில் வைத்தார். நீராட்டு வரைக்கும் இந்தக் குரல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்றார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராக, இது ஒன்றுதானா, வேறு எங்காவது பிரதி இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. பேசி முடித்த கையோடு பதிவை லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தேன். அது தானாகவே இன்டர்நெட்டில் எங்கேயோ கொண்டுபோய்ச் சேமிக்கிற லேப்டாப். அமெரிக்காவோ சிங்கப்பூரோ, எந்த எல்லைக்குப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தேன். நல்லவேளை, காப்புக் கட்டை ஊரே வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்ததில் நெட் நத்தையாக நகர்ந்திருக்கிறது. பாதிகூட ஏறவில்லை. லேப்டாப்பில் இருந்ததை அழித்தேன், மேலே ஏறியதையும் செல்போன் வழியாக அழித்தேன்.

திரும்பி வந்தபோது அவள் நெற்றி நிறையத் திருநீறோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை எடுக்க மாட்டேன் என்று கும்பிட்ட அதே ஆட்டோக்காரர், பஸ் போய்விடப் போகிறது என்று எங்களையே விரட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நிகழ்ச்சி இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, குரல் கோயிலில் இருக்கிறது என்றேன். அதற்கு முந்தின வியாழக்கிழமையே இவர் பேசியிருந்தார். ஒரு விதியைச் சொல்வதற்கு முன்னால் அதற்குள் இருக்கிற வழியையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், நான் கேட்காமலே சொல்லிவிட்டேன் என்று மைக் முன்னால் வெளிப்படையாகச் சொன்னார். வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போகலாம் என்பதையும் சொன்னார். கோயில் குழாய் ஸ்பீக்கர் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை நான் வெட்டவில்லை. எனக்குள் அவரைப் பற்றி ஒரு பெருமை. சொன்னால் காலரைத் தூக்குவார் என்று சொல்லவில்லை.

மஞ்சள் நீராட்டு அன்று மதியம் அவள் வந்து இறங்கினாள். வேலை கிடைத்துவிட்டது. மாதத்தில் சில நாள் கொச்சி, மற்ற நாள் தேனியிலிருந்தே வரையலாமாம். ஜீப்பையும் விடப் போவதில்லை என்றாள். என்ன வரைந்தாய் என்று கேட்டேன். வேப்பிலைத் தோரணம் கட்டிய தெரு, அதில் ஓர் ஆட்டோ, கையெடுத்துக் கும்பிடுகிற டிரைவர். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். மலையாளத்தில் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள், இவள் வாயே திறக்கவில்லை.

"பயமெல்லாம் இல்லக்கா. குரலுதான் இங்கன இருக்கே. கை மட்டுந்தானே போச்சு" என்றாள்.

பூசாரி ரெக்கார்டரை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். "இந்தா ஆத்தா, பத்திரமா இருந்துச்சு" என்றார். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் தந்தாள். அன்று ராத்திரியே வெளியிட்டேன். இரண்டு கம்பளிகளில் ஒன்றை அப்போதே ஜன்னலிலிருந்து கழற்றிவிட்டேன். பதிவில் இப்போதெல்லாம் சில சமயம் சேவல் கூவும், தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும், ஊர்க் கொட்டும் கேட்கும். கேட்கட்டும் என்று விட்டுவிடுகிறேன், ஏனென்றால் உள்ளே ஒருத்தி பேசுவதை ஊர் கேட்க வேண்டுமானால், ஊர் சொல்ல வருவது முதலில் என் காதில் விழ வேண்டும்.