முட்டுகளுக்கு நடுவே ஒரு பந்தி

புக்கிட் பெலண்டோக்கில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தோட்டக் கோயிலுக்குத் திருமண மண்டபம் கட்டினோம். கீழே பந்திக் கூடம், மேலே மண்டபம். கட்டும் நிறுவனத்தின் சார்பில் நான் திட்ட மேலாளர். வேலை தொடங்குமுன் கோயில் நிர்வாகத்தினர் என்னை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கே படித்தேன், எத்தனை கட்டடம் முடித்திருக்கிறேன், ஏணி ஏறுவேனா என்று கேட்டார்கள். பட்டயம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், முன்பு செய்த வேலைகளின் படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். "பொம்பள ஆளுன்னா கணக்கு சுத்தமா இருக்கும் லா" என்று தலைவர் முடித்துவிட்டார். எந்த நிலைமையில் வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்வேன் என்று யாரும் கேட்கவில்லை.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்ற அவர்கள் குறித்த நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தொடங்கியாக வேண்டும். என் இந்தோனேசியத் தொழிலாளர்கள் மதியம் தொழுகைக்குப் போவார்கள். அதற்குள் பெரும்பகுதி முடிந்தாக வேண்டும். முந்தின நாள் மாலை, பலகைத் தளத்தைத் தாங்கும் இரும்பு முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். முட்டுகளைக் குறுக்கே பிணைக்கும் குழாய்களை அசைத்துப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. யாரும் உள்ளே போகக் கூடாதென்று சுற்றிலும் கயிறு கட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மணமேடை அமையும் நடுப்பகுதியில் தலைவர் தன் கையால் முதல் சட்டிக் கான்கிரீட்டைக் கவிழ்த்தார். அதன்மேல் பூவும் சில்லறையும் போட்டார்கள். உருமி மேளம் அதிர்ந்தது. கான்கிரீட்டை மேலே தள்ளும் பம்பு ஓடத் தொடங்கியதும், வழக்கம்போல, முட்டுகள் எப்படித் தாங்குகின்றன என்று வெளியிலிருந்து பார்க்கப் பின்பக்கம் போனேன்.

கயிறு அவிழ்ந்து கிடந்தது. தளத்தின் அடியில், பூசைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட நீள மேசைகள், நாற்காலிகள். அடுப்பில் சாம்பார் அண்டா. பெண்கள் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் முட்டில் முதுகைச் சாய்த்துப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நடுப்பகுதியில் குறுக்குக் குழாய்களே இல்லை. மேசை வரிசைக்கு இடைஞ்சலாக நின்ற சில முட்டுகளும் இல்லை. எல்லாம் ஓரமாக அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

கோயில் செயலாளர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "வெயில்ல போட்டா சனம் உக்காராது மேடம். இது எப்படியும் பந்திக் கூடம்தானே? காலையிலேயே நம்ம ஆளுங்க கழட்டிட்டாங்க. ஒரு நட்டுகூடத் தொலையல, பாருங்க."

தலைக்கு மேல் கான்கிரீட் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கத்தினால் கூட்டம் ஓடும். ஓடினால் முட்டுகளில் இடிக்கும். மேலே தொழிலாளர்களை மேற்பார்த்துக்கொண்டிருந்த என் மண்டோரைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"தம்பி, பம்ப நிறுத்துங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன். எல்லாரையும் ஓரத்துக்கு மெதுவா நடக்கச் சொல்லுங்க. யாரும் குதிக்கக் கூடாது."

"மேளம் அக்கா?"

"அதையும்தான்."

சமையல் பார்த்த அம்மா நகர மறுத்தார். "சாம்பார் இப்பத்தான் கொதிக்குது. அடுப்ப விட்டுட்டு எங்க போறது?"

"அடுப்ப அணைச்சிருங்கக்கா. அண்டாவத் தொடாதீங்க. எதுலயும் இடிக்காம என் பின்னாலேயே வாங்க."

"மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே பந்திய எழுப்புறியே, நல்ல மேனேஜரு!" என்றார் அந்த அம்மா, அடுப்பை அணைத்தபடி.

சிலர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பத்திரிகை படித்த பெரியவர் எழுந்திருக்க, சாய்ந்திருந்த முட்டின் மேலேயே கை ஊன்றினார். "ஐயா, என் கையப் பிடிங்க" என்று உள்ளே போய்க் கையை நீட்டினேன். அந்த முட்டு லேசாக வளைந்திருந்ததா, முதல் நாளும் அப்படித்தான் இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலைவர் வேர்த்துக் கொட்ட இறங்கி வந்தார். "பாதியில நிறுத்துனா சனம் என்னம்மா பேசும்? ராகு காலம் வேற நெருங்குது."

"நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சு தலைவரே."

"அப்ப ஊத்துங்க. அதான் எல்லாரும் வெளிய வந்துட்டாங்களே. பைப்ப உங்க ஆளுங்க போய் மாட்டட்டும்."

மண்டோரும் அதையே சொன்னார். இரண்டு பேரை உள்ளே விட்டால் சீக்கிரம் மாட்டிவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லோரியில் கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு லோரிகள் லுக்குட் பட்டணம் தாண்டி வந்துகொண்டிருந்தன. முதலாளியை அழைத்தேன். "நீதானே அங்க மேனேஜர்? நீயே சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அத்தனை பாரத்துக்கும் அடியில் ஆளை அனுப்ப மாட்டேன் என்றேன். வரும் லோரிகளைத் திருப்பச் சொன்னேன். மேல்தளத்தில், அடியில் குழாய்கள் கழற்றப்படாத ஓரங்களில் நின்று, நீளக் கம்பு கட்டிய வாரிகளால், ஊற்றியதை இழுத்து வெளியே தள்ளச் சொன்னேன்.

"நான் போட்ட சட்டியுமா?" தலைவரின் குரல் இறங்கியது.

"அது நடுவுல இருக்கு தலைவரே. முதல்ல அதுதான்."

பூவும் சில்லறையும் ஒட்டிய கான்கிரீட் செம்மண்ணில் வந்து விழுந்ததைக் கூட்டம் பார்த்தது. ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அடியில் இருந்த முட்டுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை பலகை முனகியது. எல்லாக் கைகளும் நின்றன. கொஞ்சம் பொறுத்து, நான் தலையசைத்த பிறகு, மறுபடி இழுத்தார்கள்.

தளம் காலியானதும் தொழிலாளர்கள் கைகால் கழுவித் தொழுகைக்குப் புறப்பட்டார்கள். தலைவர் என் பக்கத்தில் வந்து நின்று தளத்தின் அடியை வெகுநேரம் நோட்டம் விட்டார்.

"ஒன்னும் விழலியேம்மா."

"விழல தலைவரே."

 விழுந்திருக்கும் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. செயலாளர் தயங்கித் தயங்கி வந்து, அடுத்த நல்ல நாள் பார்க்கப் பூசாரியிடம் போகவா என்று தலைவரைக் கேட்டார்.

"முதல்ல மேடத்தக் கேளு" என்றார் தலைவர், என் பக்கம் திரும்பாமல்.

எல்லா முட்டுகளையும் புதிதாக நிறுத்திச் சரிபார்க்க வேண்டும், திங்கட்கிழமை காலை ஊற்றலாம் என்றேன். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம் என்றார் செயலாளர். ஒன்பதுக்கு மேல் என்று ஒப்புக்கொண்டேன்.