காலி ஆபீஸில் பதினோரு பேர்

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. யார் வாடகைக்கு வந்தாலும் மறுநாளே வேலையைத் தொடங்குகிற மாதிரி அதை ஆபீஸாக்கித் தரும் வேலை எனக்கு வந்தது. கட்டட உரிமையாளர் திருமங்கலத்துக்காரர், விவசாயக் குடும்பம். மேசை, நாற்காலி, தடுப்பு எல்லாவற்றுக்கும் சக்கரம் வைத்தேன். பத்துப் பேருக்கும் மாற்றிக்கொள்ளலாம், நாற்பது பேருக்கும் மாற்றிக்கொள்ளலாம். நடுவில் மீட்டிங்குக்கு ஒரு கண்ணாடி அறை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். வெறுமனே கிடப்பதால்தான் இடம் மனதில் ஒட்டவில்லை, நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அதன் அருமை தெரியும் என்று உரிமையாளரிடம் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

அடுத்த வாரம் சென்னை ஆடிட்டர் ஒருவர், மதுரையில் கிளை திறக்க இடம் பார்க்க வந்தார். கதவைத் திறந்தால் உள்ளே பதினோரு பேர். எல்லாரும் உரிமையாளரின் சொந்தக்காரர்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். கண்ணாடி அறையில் அவருடைய சித்தப்பா, மேனேஜராக. முன்னால் ஒரு லேப்டாப், அதில் சார்ஜ் இல்லை.

இவ்வளவு அமைதியான ஆபீஸைப் பார்த்ததே இல்லை என்றார் ஆடிட்டர். வாயைத் திறக்கக்கூடாதென்று அவர்களுக்கு உத்தரவு. இவர்கள் இருக்கும்போது எனக்கு எப்படித் தருவீர்கள் என்று கேட்டதும், இந்த மாதத்தோடு காலி செய்கிறார்கள் என்று உரிமையாளர் உளறிவிட்டார். ஏன் காலி செய்கிறார்களாம் என்று ஆடிட்டர் நேராகச் சித்தப்பாவிடமே போய்க் கேட்டார்.

சித்தப்பாவுக்குப் பொய் வரவில்லை. "இடம் நல்ல இடந்தான் சார். ஆனா இந்தச் சேரு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. கண்ணாடி இருக்கறதே தெரியல, ரெண்டு தடவ மூக்க இடிச்சுக்கிட்டேன். சாப்ட்டுக் கை கழுவ எம்புட்டுத் தூரம் போறது?"

ஆடிட்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மூன்றையும் சரிசெய்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்றும் நியாயமான குறைகள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருந்தாலும் நாற்காலிச் சக்கரத்துக்குப் பூட்டு, கண்ணாடியில் வெள்ளைப் பட்டை, மூலையில் ஒரு வாஷ்பேசின் என்று பத்து நாளில் முடித்துக் கொடுத்தேன்.

சாவி வாங்குவதற்கு முந்தின நாள் ஆடிட்டர் போன் செய்தார். காலி செய்கிறவர்களை மரியாதையாக அனுப்பிவைக்க வேண்டுமாம், பூமாலைக்குச் சொல்லிவிட்டாராம். வேறு வழியில்லாமல் பதினோரு பேரையும் மறுபடி வரவழைத்தோம். சித்தப்பா மாலையோடு எழுந்து, இங்கே இருந்த நாட்களை மறக்க முடியாது என்று பேசினார். மொத்தமே அரை நாள்தான். பேசப் பேச அவர் குரல் கம்மியது. பின்னால் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் கைக்குட்டையை எடுத்தேன்.

அடுத்து ஆபீஸ் எங்கே என்று ஆடிட்டர் அக்கறையாகக் கேட்டார்.

சித்தப்பா மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரிட்டயர் ஆயிரலாம்னு இருக்கேன் சார்."