ஏழாம் எண் துண்டு

இரண்டு அலுமினியத் தகடுகளை உருக்காமல் ஒட்டுவதற்காக என் வாழ்க்கையில் ஏழு வருடங்களை உருக்கியிருக்கிறேன். இந்த வித்தைக்கு ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் என்று பெயர். தகடுகள் சேரும் கோட்டில் சுழலும் எஃகுக் கருவி ஒன்றை அழுத்தி மெல்ல நகர்த்த வேண்டும். உராய்வுச் சூட்டில் உலோகம் இளகும், உருகாது. கருவியின் நுனி களி கிண்டுவதுபோல் அதைக் கிண்டிக்கொண்டே போகும். பின்னால் இரண்டு தகடும் ஒன்றாகியிருக்கும். கடைசியில் கருவியைத் தூக்கும் இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை மிஞ்சும். தீப்பொறி கிடையாது, புகை கிடையாது. செம்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை விளக்கியபோது, “அப்ப பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதா சார்?” என்று கேட்டார். ஏழு வருட ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக என்னால் எழுத முடிந்ததில்லை.

ராக்கெட் செய்கிறவர்கள் இதற்கென்றே தனி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். வண்டலூர் தாண்டி இருக்கும் எங்கள் கல்லூரியில் இருப்பது, வேறு வேலைக்காக வாங்கி இதற்காகத் திருத்தப்பட்ட பழைய மில்லிங் மெஷின். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் வைக்கும் சந்தனம் அடுத்த ஆயுத பூஜை வரை கலையாமல் இருக்கும். அதிலிருந்தே என் சுறுசுறுப்பைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நான் அந்தக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது மூன்று வருடத்தில் முடிப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு நீட்டிப்பு, நீட்டிப்புக்கு நீட்டிப்பு. போன வருடம் வந்த கடிதத்தில் ‘இதுவே இறுதி’ என்று அடிக்கோடு போட்டிருந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் வேலையும் ரத்து என்று முதல்வர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து இனிமையாகச் சொன்னார். பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் என் மனைவி தண்ணீர்க் குடத்துக்கு மேல் தொங்கும் காலண்டரில் ஜூனைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டேன்.

ஜனவரியில் இரண்டு தகடுகளை ஒரே தகடாக ஒட்டி, சோதனைக்காகப் பத்துத் துண்டுகள் வெட்டக் குரோம்பேட்டையில் ஒரு வயர்கட் பட்டறையில் கொடுத்தேன். வயர்கட் என்றால் மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் உலோகத்தை வெண்ணெய் மாதிரி அறுப்பது. பட்டறைக்காரர் ஒரு பாய். தெற்குச் சென்னையின் பாதி முனைவர் பட்டங்கள் அவர் கம்பி வழியாகத்தான் வந்திருக்கின்றன. இரண்டு நாளில் ஒரு ஸ்வீட் பெட்டியில் பத்துத் துண்டுகளையும் போட்டுக் கொடுத்தார்.

ஒழுங்கான ஆராய்ச்சியாளன் வாங்கிய உடனே ஒவ்வொன்றிலும் எண் போடுவான். நான் முதலில் பாலிஷ் போட்டேன். ஆய்வேட்டில் புகைப்படம் பளபளவென்று வரவேண்டும் என்று ஒரு ஆசை. எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து, ஒட்டின தடமே தெரியாமல் ஆனபிறகு, கையில் வந்த வரிசையில் ஒன்று முதல் பத்து வரை எழுதினேன்.

பிறகு இழுவைச் சோதனை. துண்டின் இரு முனையையும் இயந்திரம் கவ்வி இழுக்கும். எந்த விசையில் அறுகிறதோ அதுவே அதன் பலம். ஒட்டின இடம், தாய்த் தகடு என்று நாங்கள் சொல்லும் மூலத் தகட்டைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும், இந்த அலுமினியத்தின் சுபாவம் அப்படி. முதல் ஆறும் அப்படியே அறுந்தன, சராசரி மாணவர்கள் மாதிரி. ஏழாவது அறுகிற வழியாக இல்லை. ஊசி ஏறிக்கொண்டே போய், தாய்த் தகட்டுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற பலத்தைத் தொட்டபிறகுதான் டப்பென்று அறுந்தது. எட்டு, ஒன்பது, பத்து மறுபடி சராசரி.

என் வழிகாட்டி ஒரு பேராசிரியை. தாம்பரத்தில் ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். வார நாட்களில் எங்களிடம் குரலை உயர்த்தமாட்டார், அதற்குத் தேவையும் இருக்காது. கணினித் திரையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னப்பா இது, ஒட்டே இல்லாத மாதிரி நிக்குது?”

“ஆமா மேடம்.”

“ஏழு மட்டும் ஏன்?”

“அந்த இடத்துல டூல் சரியான சூட்டுக்கு வந்திருக்கும் மேடம்.”

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது, மூளை பிறகு கையெழுத்துப் போட்டது.

விஷயம் முதல்வர் காதுக்கு எப்படிப் போனது என்று தெரியாது. மூன்றாம் நாள் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் நின்றது. ‘அலுமினிய இணைப்பில் அரிய சாதனை’ என்று எழுத்து. தாளாளர் முழு உயரத்தில் கைகூப்பிக்கொண்டிருந்தார், முதல்வர் இடுப்பு வரை, மேடம் தோள் வரை. கீழ் மூலையில் தபால்தலை அளவில் நான். அதுவும் பழைய பஸ் பாஸுக்கு எடுத்த படம். வாட்ச்மேன் அண்ணா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சார், இது உங்க தம்பியா?” என்று கேட்டார்.

ஆய்வுக் குழுவின் முன் வைக்க ஏழாம் துண்டின் உள்ளமைப்புப் படம் வேண்டும் என்றார் மேடம். ஒட்டின இடத்தை அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், கருவி கிண்டிய தடம் வட்டம் வட்டமாகத் தெரியும். எங்கள் துறையில் அதை வெங்காய வளையம் என்போம். மற்ற ஒன்பதிலும் ஒரு கிலோ வெங்காயம் இருந்தது. ஏழில் ஒரு வளையம்கூட இல்லை.

இந்த இடத்தில் எவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு ஞானம் வந்தது. உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன்: கலவை அத்தனை பூரணமாக நடந்ததால் வளையங்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டன. இரண்டு சமன்பாடுகளும் சேர்த்தேன். மனைவி சமன்பாடுகளைப் படித்தாள்.

“ரெண்டாவது சரியா இருக்கு. முதலாவதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“ரெண்டையும் கலந்திருக்கேன்.”

“ஒட்டலை.”

மேடம் அந்த நான்கு பக்கங்களில் எதையும் அடிக்கவில்லை. கடைசியில் மட்டும் சிறியதாக எழுதியிருந்தார்: ‘இன்னொரு தகடு ஒட்டிப் பார்.’

அதே வேகம், அதே அழுத்தம், அதே சந்தனம். இன்னொரு தகடு ஒட்டினேன். அதைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன்.

“பத்து பீஸ் பாய். போன தடவ மாதிரியே வேணும்.”

பாய் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல பத்து முழுசா வரும் சார். போன தபா மாதிரி பேஜார் இல்ல.”

“போன தடவ என்ன பேஜார்?”

“உங்க வெல்டிங் நீளம் பத்தலையே. கடைசில ஓட்டை வேற வுட்டு வெச்சிருந்தீங்க. ஒம்போதுதான் வந்துச்சு. நீங்க பத்து எழுதிக் குடுத்துட்டீங்க, சார் கொறையுதுன்னு வருத்தப்படுவாரேன்னு ஓரத்துப் பட்டையில ஒண்ணு எடுத்துப் போட்டேன்.”

“ஓரத்துலன்னா?”

“வெறும் தகடு சார். வெல்டிங் இல்லாத எடம்.” என் முகத்தைப் பார்த்தார். “இன்னா சார், தப்பா? பீஸு நல்ல ஸ்ட்ராங்கா இருந்துச்சே.”

ரொம்ப ஸ்ட்ராங்காக இருந்தது பாய் என்றேன். அவர் டீ சொன்னார். குடித்தேன். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த கெட்ட செய்திகளுக்கெல்லாம் யாராவது டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

குரோம்பேட்டையிலிருந்து திரும்பும் மின்சார ரயிலில் ஒரு வழி தோன்றியது. யாருக்கும் தெரியாது. பாய் ஆய்வேடு படிக்கமாட்டார். ஏழாம் துண்டு அறுந்து இரண்டாகிக் கிடக்கிறது, அது சாட்சி சொல்லாது. ஜூனுக்கு மூன்று மாதம். தாம்பரம் வரும்வரை அந்த வழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குழுவில் யாராவது ‘வளையம் எங்கே’ என்று கேட்டால் அந்த நான்கு பக்கத்தையும் நான் முகத்தில் சிரிப்பு வராமல் வாசிக்க வேண்டும். என்னால் முடியாது.

மறுநாள் காலை மேடத்திடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை ஜன்னல் வழியாக ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நம்ம கண்டுபிடிப்பு என்னன்னா, தகட்ட ஒட்டாம வுட்டா பலமா இருக்கும்.”

“ஆமா மேடம்.”

“அதுக்கு ஏழு வருஷம்.”

“ஆறரை மேடம்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஏழை நீக்கிவிட்டு மிச்சம் ஒன்பதையும் புதிய பத்தையும் வைத்து முடிவுரையை மறுபடி எழுதச் சொன்னார். முதல்வரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். என்ன பேசினாரோ, மாலையில் ஃப்ளெக்ஸ் இறங்கியது. இப்போது அது மழைக்கு மில்லிங் மெஷினைப் போர்த்தியிருக்கிறது. தாளாளரின் கூப்பிய கைகள் சரியாக மோட்டாரின் மேல் விழுகின்றன.

ஏப்ரலில் குழு கூடியது. சுமாரான இணைப்பு, சுமாரான பலம், நிறைய வெங்காயம் என்று உள்ளதை உள்ளபடி காட்டினேன். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே தாள்களைப் புரட்டி வந்து, ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

“தாய்த் தகட்டோட பலம்னு போட்டிருக்கீங்களே, இது புத்தகத்துல இருந்து எடுத்ததா, நீங்களே சோதிச்சதா?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

“நாங்களே ஒரு துண்டு சோதிச்சிருக்கோம் சார். வெறும் தகடு. புத்தகத்துல உள்ளதும் அதுவும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.”

“நல்லது. பல பேர் இதைச் செய்யறதே இல்ல. ஆனா ஒண்ணு பத்தாது, இன்னும் ரெண்டு சோதிச்சுச் சேர்த்துட்டுக் குடுத்துடுங்க.”

அவ்வளவுதான். அன்றைக்கே குரோம்பேட்டை போனேன்.

“ரெண்டு பீஸ் பாய். ஓரத்துல இருந்து. வெல்டிங் இல்லாத எடம்.”

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வேணும்னேவா சார்?”

“வேணும்னேதான்.”

சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, வெட்டுவதற்கு முன்பே, இரண்டு இடத்திலும் எண் போட்டேன்.