குழாய்க்குள் கைலி

"சத்தத்தக் கொறைங்கம்மா. இருக்கிற காதும் போயிரும்னு டாக்டர் சொன்னாருல்ல?" மகள் ரேடியோவைத் திருகிவிட்டு, என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். வாசல் என் முதுகுக்குப் பின்னால் போனது.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, காஜா பெராங் என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பாவுக்கு வலது காது கேட்காது. ஆனாலும் நாதஸ்வர இசைத்தட்டு ஓடாத மாலை கிடையாது. தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அம்மா கிராமபோன் குழாய்க்குள் பழைய கைலியைத் திணித்து வைப்பார். அப்பா வாசலுக்கு முதுகைக் காட்டி, இடது காதைக் குழாயோடு ஒட்டிக்கொண்டு உட்காருவார். ஜப்பான் சிப்பாயைக் கண்டால் எழுந்து குனிந்து வணங்கியாக வேண்டும். அதனால் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அப்பாவின் தோளைத் தொடுவது என் வேலை.

அன்று பூட்ஸ் சத்தம் கேட்டது. என் கால் நகரவில்லை. சிப்பாய் வாசலில் நின்று கத்தினான். அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவன் உள்ளே வந்து அந்த இடது காதிலேயே அறைந்தான். குழாய்க்குள் என்ன ஒளித்திருக்கிறது என்று கைலியை உருவிப் பார்த்து, என்மேல் வீசிவிட்டுப் போனான்.

வெகுநேரம் கழித்து அப்பா தட்டைச் சுழலவிட்டார். நாதஸ்வரம் தெருவரைக்கும் கேட்டது. அம்மா கதவைச் சாத்த ஓடினார். அப்பா குழாயில் காதை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"அந்தக் கைலிய எடுத்துரும்மா. ஒண்ணுமே கேக்கல."

கைலி என் மடியில் இருந்தது.

மகள் அடுப்படிக்குப் போனதும் நாற்காலியை மறுபடி வாசலைப் பார்க்கத் திருப்பிக்கொண்டேன்.