மூன்றாம் வகுப்பில் மதராசுக்கு

கிளறன்ஸ் தன் ஐம்பத்தாறு வயதுக்குள் ரயில் ஸ்டேஷனில் விற்கிற தேத்தண்ணியை ஒருமுறைகூட வாங்கிக் குடித்ததில்லை. கொழும்புத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் கிளார்க் வேலை அவருக்கு. கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். சப்பாத்து தேய்ந்துவிடுமென்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு போவார் என்று தெருவில் கதை கட்டியிருந்தார்கள். அது பொய். மழை நாளில் மட்டும்தான் அப்படிச் செய்வார்.

கஞ்சன் என்று சொல்லிவிடுவது சுலபம். தகப்பன் விட்டுப்போன கடனையெல்லாம் அடைத்து, ஓடு போட்ட ஒரு வீட்டையும் தன் பெயருக்கு எழுதிய மனிதர் அவர். அந்த வெற்றி அவர் தலைக்கு ஏறிவிட்டது. மிச்சம் பிடிக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்று நம்பத் தொடங்கிவிட்டார். அவரைப் பிடித்த சனியன் அதுதான்.

ஒரே மகள் மேபல். புறக்கோட்டை அச்சுக்கூடம் ஒன்றில் எழுத்துக் கோர்க்க மதராசிலிருந்து வந்த அருளப்பனைத்தான் கட்டுவேன் என்று அவள் நின்றாள். அருளப்பனும் இவர்களைப் போலவே வேதக்காரன், கத்தோலிக்கன், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவன். அதெல்லாம் கிளறன்சுக்குப் பொருட்டில்லை. "இந்தியாக்காரன்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் கூலி, தோட்டக்காடு, கப்பலேறி வந்த சனம் எல்லாம் அடக்கம். கோயிலில் கலியாணம் நடந்தபோது அவர் வேலைக்குப் போய் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். "நானாக வந்து கூப்பிட்டாலொழிய நீ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று மகளிடம் சொல்லியிருந்தார். அவளும் அவருடைய மகள்தானே. புருஷனோடு மதராசுக்குப் போனவள் ஆறு வருஷமாக மிதிக்கவில்லை. தாய்க்கு மட்டும் கடிதம் எழுதினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு தவக்காலத்தில் அவர் பெண்சாதி கொன்ஸ்ரன்சுக்கு வயிறு வீங்கியது. மருந்து மாற்றி மாற்றிப் பார்த்த டாக்டர், கடைசியில் கிளறன்சை வாசலுக்கு அழைத்துப்போய், கூடினால் இரண்டு வாரம்தான் தாங்குவாள் என்றார். உள்ளே படுத்திருந்தவளுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மேபலைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள். "கடிதம் போட்டா வரமாட்டாள். நீங்க போய்க் கூப்பிட்டாத்தான் வருவாள். எனக்கு அவளை ஒருக்காப் பாத்தாக் காணும், அது போதும்."

கிளறன்ஸ் தலையை ஆட்டினார். அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தார்.

"வரேக்க செகண்ட் கிளாஸ் எடுங்கோ," என்று கொன்ஸ்ரன்ஸ் மறுபடி சொன்னாள். "கப்பலுக்கு முதல் மண்டபத்திலை மூண்டாங் கிளாஸ் ஆக்களைக் காம்பிலை மறிச்சு வைக்கிறாங்களாம். அம்மை, பேதி கொண்டு வந்திடுவாங்களெண்டு."

"அது தோட்டத்துக்கு வாற கூலியாக்களுக்கு. எங்களை ஆர் மறிக்கிறது?"

அடுத்த வீட்டு மயிலம்மா நோயாளியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். திங்கட்கிழமை பின்னேரம் பாண் ரொட்டியும் சீனிச்சம்பலும் கட்டிக்கொண்டு கிளறன்ஸ் கோட்டை ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பில் ஏறினார். தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில். புதன்கிழமை காலை எழும்பூரில் இறங்கும்போது கட்டிக்கொண்டுபோன பாணில் கடைசித் துண்டு மிச்சமிருந்தது. அதில் அவருக்கு ஒரு பெருமை.

காற்சட்டை போட்டவனைக் கண்டால் மதராஸ் ரிக்‌ஷாக்காரன் இரண்டு மடங்கு கேட்பான் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். ஸ்டேஷனிலேயே காற்சட்டையையும் தொப்பியையும் பெட்டிக்குள் வைத்து வேட்டிக்கு மாறினார். மாறிய பிறகும் ரிக்‌ஷாவில் ஏறவில்லை. சத்திரம் ஒன்றில் மூன்று நாள் காசில்லாமல் சும்மா தங்கலாம் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். அங்கே இந்துக்களுக்குத்தான் இடம். கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக் கிருஷ்ணபிள்ளை என்று பெயர் கொடுத்தார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

புறப்படும் அவசரத்தில் அவர் எடுத்து வந்த மேபலின் பழைய கடித உறையில் சிந்தாதிரிப்பேட்டை விலாசம் இருந்தது. போனால் வீடு பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரன் சாயங்காலம் வந்து, அவர்கள் ராயபுரம் பக்கம் போய் இரண்டு வருஷமாகிறது என்றான். வியாழக்கிழமை விடிந்ததும் ராயபுரத்துக்கு நடந்தார். மணியடித்துக்கொண்டு டிராம் வண்டிகள் அவரைக் கடந்து போயின. ஓரணாவோ என்னவோ கொடுத்திருந்தால் காலையிலேயே போய்ச் சேர்ந்திருப்பார். வெயிலில் வழி தவறி, வேறொரு கோயிலுக்குப் போய் விசாரித்து, திரும்பி, கொப்புளம் வெடித்த காலோடு அவர் தெருவைக் கண்டுபிடித்தபோது நாலு மணிக்கு மேலாகிவிட்டது.

மேபல் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றாள். வேட்டியோடு வந்த மனிதரை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் குடத்தை வைத்துவிட்டு, "அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"உன்னைப் பாக்கவேணுமாம். நான்தான் கூப்பிட வந்தனான்."

"இப்பவே வாறன் அப்பா."

இவ்வளவுதான். ஆறு வருஷத்துக் கோபம் அந்தக் குழாயடியில் தீர்ந்துவிட்டது. இவ்வளவு சுலபமான காரியத்தை ஆறு வருஷம் ஒத்திப்போட்டோமே என்று கிளறன்சுக்கு அழுகை வந்தது. மகள் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைய ரயிலைப் பிடிக்க நேரமில்லை, மறுநாள் மாலைதான் அடுத்த ரயில். அருளப்பன் மாமனாருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே பேசினான். "மாமா, செகண்ட் கிளாஸ்ல போங்க. விலாசம் எழுதி வாங்கிட்டு விட்டுடுவாங்க. மூணாங் கிளாஸ்னா மண்டபத்துல ஆறு நாள் புடிச்சு வெச்சுக்குவாங்க. நான் அனுபவிச்சவன். முதலாளிகிட்ட முன்பணம் கேட்டிருக்கேன்."

"அது உங்கட ஆக்களுக்குத் தம்பி. நான் கொழும்பு ஆள், ஹாபர் கிளார்க். இவள் என்ட மகள்."

அருளப்பன் முகம் சுருங்கியது. மேபல் புருஷனையும் தகப்பனையும் மாறிமாறிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வாயைத் திறந்து சண்டை பிடித்திருக்கலாம். கூப்பிட வந்த தகப்பனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுகள் இரண்டைக் கிளறன்சே வாங்கினார்.

சனிக்கிழமை மதியம் மண்டபத்தில் ரயில் நின்றதும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளின் கதவைத் தட்டி எல்லோரையும் இறக்கினார்கள். கிளறன்ஸ் முன்யோசனையாகக் காற்சட்டை போட்டுத் தொப்பியும் வைத்திருந்தார். சேவகன் தொப்பியைப் பார்க்கவில்லை. டிக்கெட்டைப் பார்த்தான். "இந்தப் பக்கம்," என்று கையைக் காட்டினான்.

காம்ப் இலங்கைச் சர்க்காருடையது. மேசையில் இருந்த உத்தியோகத்தன் சிங்களவன் என்று கண்டதும் கிளறன்சுக்கு உயிர் வந்தது. "மாத்தயா, மம கொளம்ப மினிஹெக்," என்றார், தானும் கொழும்பு ஆள்தான் என்று. அவன் சிரித்து, தான் மொறட்டுவை என்று சிங்களத்தில் மரியாதையாகவே சொன்னான். முன்கூட்டிப் பாஸ் எடுத்திருந்தால் விட்டிருக்கலாம் என்றான். பெண்சாதி சாகக் கிடக்கிறாள் என்று கிளறன்ஸ் சொன்னார். இங்கே வருகிறவர்களில் பாதிப்பேருக்கு யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்றான் அவன். செகண்ட் கிளாசுக்கு உள்ள வித்தியாசத்தை இப்போதே கட்டுகிறேன், இருமடங்காகக் கட்டுகிறேன் என்று கிளறன்ஸ் சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

"கட்டி என்ன பிரயோசனம்? இவ்வளவு தூரம் அந்தச் சனத்தோடதானே இருந்து வந்தனீங்க?"

கொண்டுவந்த உடுப்புகளைக் கிருமி போக ஆவியில் அவித்துத் தந்தார்கள். காற்சட்டை சுருங்கி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஆண்களுக்கு ஒரு கொட்டகை, பெண்களுக்கு ஒரு கொட்டகை, சுற்றிலும் மணலும் முள்வேலியும். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சும்மா. தன் வாழ்நாளில் இவ்வளவு மலிவாக அவர் எங்கும் தங்கியதில்லை. தோட்டத்துக்குப் போகும் குடும்பங்களோடு வரிசையில் தட்டேந்தி நின்றார். வெள்ளையம்மா என்றொரு கிழவி, "ஒனக்கு எந்தத் தோட்டம் அப்பு?" என்று அன்பாகக் கேட்டாள். அவர் தட்டோடு ஓரடி முன்னே நகர்ந்தார்.

மயிலம்மாவுக்குத் தந்தி அடித்தார். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. நாள்தோறும் பாம்பன் பக்கம் போகும் ரயிலைத் தகப்பனும் மகளும் வேலிக்குள்ளே நின்று பார்த்தார்கள். மேபல் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாளும் அவள் செபமாலையை உருட்டினாள்.

புதன்கிழமை மாலை தந்தி வந்தது. உத்தியோகத்தன் எழுந்து நின்று வாசித்தான். கொன்ஸ்ரன்ஸ் அன்று விடியற்காலையில் போய்விட்டாள். வெயில் காலம், வைத்திருக்க முடியாது, வியாழக்கிழமை அடக்கம். வெள்ளிக்கிழமை உங்களை விட்டுவிடுவோம் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

மேபல் மணலில் உட்கார்ந்து அழுதாள். பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். வெள்ளையம்மா அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை ஓய்ந்த பிறகு மேபல் தகப்பனைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை போயிருப்பம் அப்பா."

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது கொன்ஸ்ரன்சின் கட்டிலைக் கழுவி முற்றத்தில் காயவைத்திருந்தார்கள். மயிலம்மா மேபலைக் கட்டிப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் மனதில் வைத்திருக்கத் தெரியாத பெண் அவள்.

"ஞாயிறு எப்பிடியும் வந்திடுவினம் எண்டு விடிய எழும்பி, தலை சீவி இழுத்துவிடு, நல்ல சட்டை போட்டுவிடு எண்டா. ரயில் கோச்சி வந்திட்டுதோ, கோச்சி வந்திட்டுதோ எண்டு ஒரே கேள்வி. பின்னேரம்தான் உங்கட தந்தி வந்தது, காம்பிலை மறிச்சிட்டாங்க எண்டு. வாசிச்சுச் சொன்னன். 'ஓம், அவர் மூண்டாங் கிளாஸ்தான் எடுத்திருப்பார்' எண்டு சிரிச்சவ. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி அழுதவ. அதுக்குப் பிறகு கோச்சியைப் பற்றிக் கேக்கேல்லை."

கிளறன்ஸ் எழுந்து வெளியே போனார். மாதம்பிட்டிய சவக்காலைக்கு நடந்தார். புது மண்மேட்டின்மேல் பூக்கள் வாடிக் கிடந்தன. அதன் பக்கத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தார். கேட்காமலே, வாடிய பூக்களைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் திரும்பினார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் மேபல் புறப்பட்டாள். இடைப்பட்ட நாட்களில் அவள் தகப்பனுக்குச் சமைத்துப் போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்குமேல் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கோட்டை ஸ்டேஷனுக்குப் போக அவரே ரிக்‌ஷா கூப்பிட்டபோது தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

பிளாட்பாரத்தில் அவள் பழக்கத்தில் கடைசிப் பெட்டிகளை நோக்கி நடந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்தார். பச்சை அட்டை. இரண்டாம் வகுப்பு. மேபல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போற பக்கம் ஒருத்தரும் மறிக்கமாட்டாங்களே அப்பா. இதுக்கு மூண்டாங் கிளாஸ் காணும்."

"தெரியும் பிள்ளை," என்றார் கிளறன்ஸ். "நீ ஏறு."