நான் எழுதிக் கொடுத்த பதினேழு குறைகள்

'எங்கள் குழு' என்றுதான் இன்னமும் வாயில் வருகிறது. திருத்திக்கொள்கிறேன்: அவர்களுடைய குழு. பள்ளிக்கூடத்தில் நாலு பேராகச் சேர்ந்து தொடங்கிய ராக் குழு அது. நான் கிற்றார் வாசித்தேன். படிப்புக்காகக் கொழும்புக்குப் போய் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, என் இடத்தில் ஏறாவூரைச் சேர்ந்த ஒருவர் நின்றார். கட்டாரில் லொறி ஓட்டியவர். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள். அங்கே அறையில் இருந்தபடி தானாகவே கிற்றார் பழகியிருந்தார். வரும்போது நல்லதொன்றை வாங்கியும் வந்திருந்தார். அதை ஒரு தடவை மடியில் வைத்துப் பார்த்தேன். பிறகு ஒரு வாரம் என்னுடையதைத் தொடவில்லை.

யாரும் என்னை விலக்கவில்லை. விலக்கியிருந்தால் நல்லதொரு சண்டை பிடித்திருக்கலாம். பாடுகிறவன் என் பள்ளித் தோழன். "நீயும் வா மச்சான், ரெண்டு கிற்றார் வெச்சுச் செய்வம்" என்றான். "பாப்பம்" என்றேன். எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவர்களுடைய முதல் ஆல்பம் நேரடி நிகழ்ச்சியிலேயே பதிவானது. நாவற்குடாவில், வாவிக் கரையோரத்து மைதானமொன்றில், பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கினார்கள். போவதில்லை என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த நான் ஐந்து மணிக்கே போய்விட்டேன். மேடைக்கு இடப்பக்கம், சனத்தின் சத்தத்தைப் பிடிப்பதற்காக நிறுத்தியிருந்த ஒரு மைக்குக்குப் பக்கத்தில் நின்றேன்.

காத்தான்குடிக்கு அவ்வளவு கிட்டத்தில் மேடை போட்டால், பள்ளிவாசல்களில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும்போது பாட்டை நிறுத்த வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை. பாதிப் பாட்டென்றாலும் கை தானாக நின்றுவிடும். நான் வாசித்த காலத்தில் கடைசிப் பள்ளிவாசலின் பாங்கும் முடிந்த பிறகு நான்தான் எண்ணுவேன்: ஒண்டு, ரெண்டு, ஒண்டு ரெண்டு மூண்டு. விட்ட இடத்திலிருந்து நாலு பேரும் ஒன்றாகப் பிடிப்போம். அன்றைக்கு ஐந்தாவது பாட்டின் நடுவில் அந்தி நேரத்து மஃரிப் பாங்கு வந்தது. எல்லாம் நின்றது. நானா கிற்றாரைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் தொழப் போனார். குழு அவருக்காகக் காத்திருந்தது. சனம் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தது. முன்பொரு நாள் நான் அறுந்த கம்பியை மாற்றி முடிக்கும் வரைகூடப் பொறுக்காமல் அடுத்த பாட்டைத் தொடங்கியவர்கள்தான் இவர்கள். பார்த்துக்கொண்டு நின்றேன். நானா மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வந்தார், கிற்றாரை எடுத்தார், தொடங்கினார். சனம் கத்தியது. நான் கத்தவில்லை என்பதுதான் என் நினைவு.

சில கிழமைகள் கழித்து வட்ஸ்அப்பில் ஏழு பாட்டும் வந்தன. கூடவே தோழனின் குரல்: "மச்சான், இன்னும் வெளியில விடல்ல. ஒனக்குத்தான் காது இரிக்கு. என்ன குறை எண்டு எழுதி அனுப்பு."

குறை கேட்டால் கொடுக்காமல் இருப்பேனா? வீட்டு விறாந்தையில் காலையும் மாலையும் அதையே போட்டேன். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி புத்தகத்தோடு அறைக்கும் குசினிக்குமாக அலைந்தாள். "இந்தா, மறுகா அஞ்சாவது பாட்டுப் போகுது" என்று அம்மாவிடம் முறையிட்டாள்.

எழுதாமல் விட்டவற்றை இங்கே சொல்கிறேன். பாடுகிறவனின் குரலில் முன்பிருந்த நடுக்கம் போய்விட்டது. இப்போது வரிகளைச் சனத்திடம் பேசுவதுபோல் பாடுகிறான். இரண்டாவது பாட்டில் சனம் முந்திக்கொண்டு பாடத் தொடங்குகிறது, குழு அதற்கு வழிவிட்டுச் சத்தத்தைத் தாழ்த்துகிறது. ஒலிப்பதிவு அறையில் இது நடக்காது. நாலாவது பாட்டில் நானாவின் கம்பி ஒன்று அறுகிறது. அறுகிற சத்தம் கேட்கிறது. அவர் நிற்கவில்லை. மிச்சம் இருந்த ஐந்து கம்பிகளில், அந்த இடத்திலேயே, வேறொரு வழி கண்டுபிடித்துப் போகிறார். அந்த இடம் முன்பு என்னுடைய தனி வாசிப்பு. ஆறு கம்பியும் நன்றாக இருந்த நாட்களில்கூட எனக்கு அந்த வழி தெரிந்ததில்லை.

எழுதி அனுப்பியது இப்படி: கம்பி அறுந்த சத்தம் அசிங்கம், எடுக்கவும். சனம் பாடுவது சுருதியில் இல்லை, குறைக்கவும். மூன்றாவது பாட்டில் ட்ரம்ஸ் வரிகளை விழுங்குகிறது. பேஸ் கிற்றார் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நானாவின் வாசிப்பு நீளம், அடக்கம் போதாது. அடக்கம் என்ற சொல்லை எழுதும்போது எனக்கு வெட்கம் வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பதினேழாவது குறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்தாவது பாட்டில் பாங்கை வெட்டியிருந்தார்கள். பாட்டுக்குள் பாங்கை வைக்கப்படாது என்று நானா சொல்லியிருந்தாராம். அதற்குப் பிறகு சனத்தின் முணுமுணுப்பு கொஞ்சம், பிறகு கிற்றார். கிற்றாருக்குச் சற்று முன் கூட்டத்திலிருந்து ஒரு குரல் எண்ணுகிறது. கீச்சென்ற, அவசரக் குரல். நான் எழுதினேன்: "எவனோ ஒரு விசரன் குழுவையே நடத்திற ஆள் மாதிரி எண்ணுறான். வேகமும் பிழை. வெட்டவும்."

தோழன் உடனே பதில் போட்டான். "அதையுமா? நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறியா?"

"அதத்தான் முதல்ல வெட்டு."

அவன் ஏதோ எழுதிக்கொண்டிருப்பது திரையில் நெடுநேரம் தெரிந்தது. கடைசியில் "சரி" என்று மட்டும் வந்தது.

ஆல்பம் இணையத்தில் வெளியான அன்று வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டேன், நான் சொன்னதில் எத்தனையைச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க. கம்பி அறுந்தது. சனம் பாடியது. ட்ரம்ஸ் விழுங்கியது. எதையும் தொடவில்லை! எனக்குக் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாவது பாட்டில் மட்டும் அந்த எண்ணிக்கை இல்லை. தங்கச்சி அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அண்ணா, நீ எண்ணினது எங்க?"

"நான் எங்க எண்ணினன்?"

"பகிடி விடாத. ஒண்டு, ரெண்டு, ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு கத்தினது ஒன்ட குரல்தானே? அதக் கேக்கத்தானே அஞ்சாவது பாட்டத் திருப்பித் திருப்பிப் போட்டாய்? அம்மாட்டயும் சொன்னன், பாவம், ஆல்பத்தில அஞ்சு சொல்லாவது வந்திரிக்கு, கேக்கட்டும் எண்டு."

குசினி வாசலில் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஏசியிருந்தால் தேவலை.

பழைய பதிவு கைத்தொலைபேசியில் இருந்தது. போட்டுக் கேட்டேன். என் குரல் எனக்குள் இருந்து கேட்பது வேறு, வெளியே ஓடுவது வேறு. ஆனால் அந்த 'மூண்டு' என்பதை இழுக்கிற விதம் என்னுடையதேதான். பழக்கத்தில் வாய் தானாக எண்ணியிருக்கிறது. பக்கத்திலேயே மைக். அந்த ஆல்பத்தில் நான் இருந்த ஒரே இடத்தை நானே விசரன் என்று எழுதி வெட்டக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாள் தோழனின் வீட்டுக்குப் போனேன். கணினிக்கு முன்னால் இருந்தான்.

"அது நான் எண்டு ஒனக்குத் தெரியுமா?"

"என்ன கேள்வி இது? பத்து வரிசமா ஒன்ட எண்ணிக்கையிலதான்டா பாடினனான்."

"அப்ப ஏன் வெட்டினாய்?"

"நீதானே வெட்டச் சொன்னாய்! எங்களோட ஒரு சொல்லுக்கும் இரிக்க மாட்டன் எண்டு நிக்கிறாய் எண்டு நினைச்சன். நானாதான் வைக்கச் சொல்லி நிண்டவர். தொழுதிட்டு வந்து நிண்டா எங்க விட்டது எண்டு பிடிபடல்லயாம். 'தம்பி எண்ணினதிலதான் எனக்கு இடம் வந்த, அத எடுக்காதீங்க' எண்டார். நான்தான், அவன் விரும்பல்ல நானா, விடுங்க எண்டன்."

கிற்றாரில் முந்தியது போதாதென்று இதிலும் முந்திவிட்டார். என்னால் அவருக்காக ஒரு வரி நல்லதாக எழுத முடியவில்லை; அவர் என் ஐந்து சொல்லுக்காக வாதாடியிருக்கிறார். நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான்.

"அது நான் எண்டு எனக்குத் தெரியாது மச்சான்" என்றேன். அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு நம்பினான். பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருப்பிப் போடவா? பத்து நிமிச வேலை" என்றான்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பழையதில் என் குரல் பாய்ந்து வருகிறது. நானா அதன் வேகத்தில் தொடங்கவில்லை. ஒரு மூச்சு பொறுத்து, மெதுவாகத் தொடங்குகிறார். புதியதில் முணுமுணுப்பு, யாரோ ஒரு பிள்ளையின் இருமல், அமைதி. பிறகு அந்த முதல் சுரம், யாரும் கூப்பிடாமல் தானாக வருகிறது. அதைத் தனியாகக் கேட்கத்தான் வேண்டும். நாலாவது தடவை கேட்டபோது எனக்கு மறுக்க ஒன்றுமில்லை.

"வேணாம். இப்பிடியே இரிக்கட்டும். இதுதான் நல்லாரிக்கு."

"உண்மையாவா?"

"உண்மையா."

கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தான். "அப்ப மத்தப் பதினாறு?"

"எரிச்சல், மச்சான்."

"தெரியும். அதாலதான் ஒண்டையும் தொடல்ல."

வெளியே வந்து செருப்பைப் போட்டேன். பிறகு கிறுகித் திரும்பி உள்ளே போனேன்.

"மூண்டாவது பாட்டில ட்ரம்ஸ் சத்தம் கூடிப் போச்சு. அது மட்டும் உண்மை."

அவன் மூன்றாவது பாட்டைப் போட்டான். முழுவதையும் கேட்டோம். முடிந்ததும் தலையைச் சொறிந்தான்.

"கொஞ்சம் கூடத்தான்" என்றான்.